இறுகும் மேனியும் இரைப்பைப் புற்றும்: ராயப்பேட்டையிலிருந்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

மனித உடலில் ஒரு நோய் குடிகொண்டிருக்கும்போதே மற்றொரு நோய் வந்து சேர்வது அரிதன்று. ஆனால் முதல் நோய் இரண்டாம் நோயை மறைத்துவிடுவதும், இரண்டாம் நோயைக் களையும் வழியை முதல் நோயே அடைத்து நிற்பதும் மருத்துவனின் அறிவுக்கும் மனத்துக்கும் கடும் சோதனையாகும். தோலும் உள்ளுறுப்புகளும் மெல்ல இறுகிப்போகும் ‘சிஸ்டமிக் ஸ்க்லீரோசிஸ்’ எனும் நோயுடையவருக்கு இரைப்பையில் புற்று தோன்றுமாயின் அத்தகைய சோதனை எழுகின்றது. இந்நோயை இக்கட்டுரையில் ‘தோல் இறுக்கநோய்’ என்றே குறிப்போம்.

இத்தகைய நோயாளியின் வயிற்றைத் திறக்கலாமா, கூடாதா? இக்கேள்விக்குரிய விடை ஒரே நாளில் பிறந்ததன்று. குர்துபாவின் அறுவை மருத்துவர் முதல் வியன்னாவின் பேராசிரியர் வரை, கேப்டவுன் ஆய்வுக்கூடம் முதல் நம் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு வரை பலரது உழைப்பு அதில் கலந்துள்ளது. அவ்வரலாற்றை ராயப்பேட்டையில் நின்று நோக்குவதற்குக் காரணம் உண்டு.

இரு மரபுகள் கூடிய பேட்டை

ராயப்பேட்டையின் பாரதி சாலையில் அமைந்துள்ளது அமீர் மஹால். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல்களுக்கென எழுப்பப்பட்ட இக்கட்டடம் 1876 முதல் ஆர்க்காட்டு இளவரசர்களின் உறைவிடமாக விளங்குகின்றது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தபின் சேப்பாக்கம் அரண்மனை கைவிட்டுப் போனது. அதன் பின்னரே இப்பேட்டை நவாபின் குடும்பத்தினருக்குப் புகலிடமாயிற்று. நவாபுகளின் அவையில் ஹகீம்கள் இருந்தனர்; ஆங்கிலேய மருத்துவரும் இருந்தனர். நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் மருத்துவராக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சர் பால் ஜோட்ரெல் 1803இல் சென்னையிலேயே மறைந்தார். இவ்வாறு யூனானி மரபும் ஐரோப்பிய மருத்துவமும் ஒரே அவையில் அருகருகே நின்ற காலம் அது.

அமீர் மஹாலிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில், வெஸ்ட்காட் சாலையில் அரசினர் ராயப்பேட்டை மருத்துவமனை உள்ளது. 1911இல் தொடங்கப்பெற்ற இதன் முதல் கண்காணிப்பாளர் கர்னல் சார்லஸ் டானவன். கறுப்புக் காய்ச்சல் எனப்படும் காலா அசாரை உண்டாக்கும் நுண்ணுயிரை 1903இல் சென்னையில் கண்டறிந்தவர் அவரே. அவ்வுயிரி இன்றும் அவர் பெயரையும் லீஷ்மனின் பெயரையும் இணைத்தே வழங்குகின்றது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்துள்ள இம்மருத்துவமனையில் இன்று புற்றுநோய்க்கெனத் தனி மையமே இயங்கி வருகின்றது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஐஸ் ஹவுஸ் பகுதிகளின் எளிய மக்கள் நோயுற்றால் முதலில் ஏறும் படிகளில் இம்மருத்துவமனையின் படிகளும் அடங்கும். ஆதலின் நூல்களில் மட்டும் உறையும் கேள்வியாக இதனை நாம் கருத இயலாது.

முன்னோர் வகுத்த எல்லை

இரைப்பையின் புற்றை அறுத்தெடுக்கும் எண்ணம் இடைக்கால மருத்துவர்க்கு எட்டாத ஒன்று. எனினும் எதனை அறுக்கலாம், எதனைத் தொடலாகாது எனும் கேள்வியை அவர்கள் தெளிவாக எழுப்பினர். குர்துபாவுக்கு அருகிலுள்ள அஸ்ஸஹ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 404 (கி.பி. 1013) அளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகளைக் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கென ஒதுக்கினார். புற்று தொடக்க நிலையில், முழுமையாக எடுக்கத்தக்க இடத்தில் இருந்தால் எடுக்கலாம். முதிர்ந்து பெருகிவிட்டால் அதன் அருகில் செல்லலாகாது என்பது அவர் கருத்து. முதிர்ந்த புற்றைத் தாமும் குணப்படுத்தியதில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று அவர் எழுதியது, கருவிகள் பலவற்றை வடித்துக் காட்டிய ஒரு பேரறிஞரின் நேர்மைக்குச் சான்றாகும்.

இப்னு சீனாவும் (கி.பி. 980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் இக்கருத்தையே வேறு முறையில் கூறுகின்றார். புற்றை அறுப்பதாயின் சுற்றியுள்ள பகுதியோடும் அதனை ஊட்டும் நாளங்களோடும் அகலமாக எடுக்க வேண்டும் என்பது அவர் நெறி. இன்றைய புற்றுநோய் அறுவையின் அடிப்படையும் இதுவே.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவர் இஷ்பீலியாவின் இப்னு ஜுஹ்ர். ஹிஜ்ரி 557இல் (கி.பி. 1162) மறைந்த இவர் ‘அத்தய்ஸீர்’ எனும் நூலில் உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் வளர்ச்சிகளை விவரித்துள்ளார். விழுங்க இயலாத நோயாளிக்கு உணவளிக்க மூன்று வழிகளை எடுத்துக்காட்டியுள்ளார்: வாய்வழியே வெள்ளிக் குழாய் செலுத்திப் பாலூட்டுதல், பாலில் நோயாளியை அமர்த்துதல், குதவழியே ஊட்டப்பொருள் செலுத்துதல். இரண்டாவதால் பயனில்லை என்பதை இன்று அறிவோம், மூன்றாவதும் வழக்கொழிந்தது, முதலாவது இன்றளவும் நிலைத்து நிற்கின்றது. விழுங்க இயலாமையே தோல் இறுக்கநோயின் பெருந்துயர்களுள் ஒன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஹிப்போகிரேட்டஸ், இப்னு சீனா முதலியோர் நூல்களில் தோல் தடித்து இறுகுவதைக் கூறும் இடங்களையெல்லாம் இன்றைய தோல் இறுக்கநோயின் முதற்குறிப்பு எனக் கொள்வோர் உளர். தொழுநோய் உட்படப் பல நோய்களில் தோல் தடிக்கும். முன்னோருக்குரிய பெருமை அவர்கள் கண்டவற்றிலேயே நிறைய உண்டு. காணாதவற்றை அவர்கள் மேல் ஏற்றிக் கூறுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

வியன்னாவில் திறந்த வாயில்

ஸஹ்ராவி ‘அருகில் செல்லற்க’ என்ற எல்லை ஏறத்தாழ 870 ஆண்டுகள் நீடித்தது. 1846இல் ஈதர் மயக்கமும், 1867இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமித்தடுப்பு முறையும் வந்தபின்னரே வயிற்றைத் திறந்து நோயாளியை உயிருடன் வைத்திருத்தல் கைகூடிற்று. பாரிஸில் ஜூல் பெயான் 1879இலும், போலந்தியரான லுட்விக் ரிடிகர் 1880இலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றினர். இரு நோயாளிகளும் சில நாள்களுக்குள் மாண்டனர். 1881 ஜனவரி 29ஆம் நாள் வியன்னாவில் தியோடர் பில்ரோத் 43 வயதுப் பெண்ணொருவரின் இரைப்பைப் புற்றை அகற்றி, மீதமிருந்த இரைப்பையைச் சிறுகுடலின் தொடக்கத்தோடு தைத்தார். அப்பெண் பிழைத்தெழுந்து வீடு திரும்பினார். ஏறக்குறைய நான்கு மாதங்களில் புற்று மீண்டும் பரவி அவர் மறைந்தாலும், இரைப்பையை அறுத்தும் மனிதன் உண்டு வாழலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்வெற்றி ஒரு நாளின் துணிவால் வந்ததன்று. அறுத்த இரைப்பை மீண்டும் கூடுமா, செரிநீர் தையலைக் கரைத்துவிடுமா என்பதைப் பில்ரோத்தின் மாணவர்கள் பல ஆண்டுகள் விலங்குகளில் ஆராய்ந்திருந்தனர். 1897இல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் இரைப்பை முழுவதையும் அகற்றினார். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ, சிறுகுடலை ‘ஒய்’ எழுத்து வடிவில் இணைக்கும் முறையைப் பரப்பினார். பித்தநீர் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்காமல் தடுக்கும் இவ்விணைப்பு நம் கேள்விக்குப் பெரிதும் வேண்டப்படுவது.

தோலின் நோய் உடலின் நோயான கதை

அறுவை மருத்துவம் இவ்வாறு வளர்ந்துவந்த வேளையில் தோல் இறுக்கநோயின் வரலாறு தனிவழியில் நடந்துகொண்டிருந்தது. 1753இல் நேப்பிள்ஸ் மருத்துவர் கார்லோ குர்சியோ, 17 வயதுப் பெண்ணொருத்தியின் தோல் மரப்பலகைபோல் இறுகியதை விரிவாக எழுதினார். வெதுவெதுப்பான பாலிலும் நீராவியிலும் குளிப்பாட்டுதல், குருதி வடித்தல், சிறிதளவு பாதரசம் என்பன அவர் கையாண்ட சிகிச்சைகள். 1847இல் பிரான்சின் ஜீன்தராக் இந்நோய்க்கு ‘ஸ்க்லீரோடெர்மி’ எனப் பெயரிட்டார். 1862இல் மோரிஸ் ரேனோ, குளிர்பட்டால் விரல்கள் வெளுத்து, நீலித்து, பின் சிவக்கும் நிலையைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். தோல் இறுக்கநோயுடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இதுவே முதல் அறிகுறி என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அது வரையில் இது தோலின் நோயாகவே எண்ணப்பட்டது. டானவன் சென்னையில் தம் நுண்ணுயிரைக் கண்ட அதே 1903இல், வியன்னாவின் ஏர்மன் இந்நோயாளிகள் விழுங்கத் துன்புறுவதைச் சுட்டி, உணவுக்குழாயும் பாதிக்கப்படலாம் என்றார். முழு உண்மையையும் நிலைநாட்டியவர் கேப்டவுனில் பணியாற்றிய ராபர்ட் கோட்ஸ். நுரையீரல், இதயம், குடல், சிறுநீரகம் ஆகிய அனைத்தும் இறுகக்கூடும் என்பதால் ‘தோல் இறுக்கம்’ எனும் பெயரே போதாது. உடல் முழுவதும் முன்னேறிப் பரவும் இறுக்கம் என்றே அழைக்க வேண்டும் என 1945இல் அவர் எழுதினார். இவரே 1960இல் நியூயார்க்கில் இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை மனிதரில் முதன்முதலாகச் செய்தவர்களுள் ஒருவரானார். தோலுக்கு அப்பால் உடல் முழுவதையும் நோக்கியவர் பின்னாளில் அறுவைக் கத்தியையும் ஏந்தினார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இந்நோயின் கொடுமையைக் கலையுலகம் அறிந்தது பால் க்ளேயின் வாழ்வின் வழியே. 1914இல் துனீசியாவின் கைரவானில் ஒளியையும் வண்ணத்தையும் கண்டு தம் கலையே திசைமாறியதாக உணர்ந்த ஓவியர் அவர். 1935இல் நோயுற்று, விழுங்க இயலாது நீர்ம உணவையே உட்கொண்டு, 1940இல் மறைந்தார். அவருடைய நோய் இதுவே எனப் பிற்கால மருத்துவர் முடிவு செய்தனர். நோய் முற்றிய 1939ஆம் ஆண்டில் மட்டும் அவர் 1,200க்கும் மேற்பட்ட படைப்புகளை உருவாக்கினார். உடல் இறுகினாலும் உயிர் இறுகுவதில்லை.

இன்று நாம் அறிந்தது இது: இந்நோய் அரியது, ஆண்களைவிடப் பெண்களைப் பன்மடங்கு தாக்குவது, நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குச் செரிமானப் பாதை ஏதேனும் ஒரு வகையில் பாதிக்கப்படுகின்றது. உணவுக்குழாயின் தசை வலுவிழந்து அமிலம் மேலேறுகின்றது. இரைப்பை மெல்லவே காலியாகின்றது. சிறுகுடல் அசைவு குன்றி அங்கே நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குருதி நாளங்கள் விரிந்து, தர்ப்பூசணியின் வரிகள்போல் சிவந்து கசிவதும் உண்டு. 1984இல் ‘தர்ப்பூசணி இரைப்பை’ எனப் பெயர்பெற்ற இந்நிலை இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகையை உண்டாக்கும்.

சென்னையின் இரைப்பை

இந்நகரத்தின் வரலாற்றோடு இரைப்பைப் புற்று பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துள்ளது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு போராடி 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையத்தை அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் வி. சாந்தாவும் வளர்த்தெடுத்தனர். அங்கு 1982 முதல் சென்னை மாநகரின் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகின்றது. அப்பதிவேடு வெளிக்கொணர்ந்த செய்தி வியப்பூட்டுவது: 1980களிலும் 1990களிலும் சென்னை ஆண்களிடையே முதலிடம் பெற்ற புற்று இரைப்பைப் புற்றே. மும்பையிலும் தில்லியிலும் நிலைமை இவ்வாறு இல்லை. புகைபிடித்தலும், உப்பிட்டு ஊறவைத்த உணவை மிகுதியாக உண்ணுதலும் இந்நோய்க்கான வாய்ப்பை உயர்த்துகின்றன என்பதை அடையாறு ஆய்வாளர்கள் 1990களில் எடுத்துக்காட்டினர்.

பெர்த் நகரின் வாரனும் மார்ஷலும் 1980களின் தொடக்கத்தில் இனங்கண்ட ஹெலிகோபாக்டர் நுண்ணுயிர் இரைப்பைப் புற்றின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதனை உறுதியான புற்றுக்காரணியாக அறிவித்தது. 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அறுவைத் துறையில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் ஆற்றிய பணி தனித்துச் சொல்லத்தக்கது. இரைப்பை, குடல் அறுவைக்கெனத் தனித்துறையை இந்தியாவில் உருவாக்கிய முன்னோடி அவர். 2002இல் பத்ம பூஷண் விருது பெற்று 2013இல் மறைந்தார். அதே கல்லூரியில் வாதநோயியலைத் தனித்துறையாக வளர்த்தவர் பேராசிரியர் ஏ.என். சந்திரசேகரன். தோல் இறுக்கநோயை ஆராய்வது பின்னவர் துறை. இரைப்பைப் புற்றை அறுப்பது முன்னவர் துறை. ஒரே கல்லூரியில் இரு துறைகளும் வேரூன்றியது இந்நகரத்தின் நற்பேறு எனலாம். ஆயினும் துறைகள் அருகருகே இருப்பது வேறு, ஒரு நோயாளிக்காகக் கலந்து பேசுவது வேறு.

இரண்டும் கூடும் மேசை

முதல் இடர் அறுவைக் கூடத்துக்கு வருமுன்பே தொடங்கிவிடுகின்றது. பசியின்மை, எடை குறைதல், விழுங்குவதில் தடை, வாந்தி, இரத்தசோகை ஆகியன இரைப்பைப் புற்றின் அறிகுறிகள். இவையனைத்தும் தோல் இறுக்கநோயின் அறிகுறிகளுமாகும். பத்தாண்டுகளாக இவற்றோடு வாழும் ஒரு பெண் மேலும் மெலிந்தால், ‘பழைய நோயின் போக்கே இது’ என்று குடும்பமும் எண்ணும், மருத்துவரும் எண்ணக்கூடும். சோகை கண்டால் தர்ப்பூசணி இரைப்பையின் கசிவு என்று முடிவு கட்டப்படலாம். புற்று அந்த நிழலில் வளரும். ஸஹ்ராவி கூறிய ‘தொடக்க நிலை’ இவ்வாறுதான் கைநழுவிப் போகின்றது. ஆதலால் இந்நோயாளியின் அறிகுறிகளில் மாற்றம் தென்பட்டவுடன் உள்நோக்கிப் பரிசோதனை செய்து, ஐயத்துக்குரிய இடத்தில் திசு எடுத்துப் பார்த்தல் கடமையாகும்.

இரண்டாம் இடர் மயக்கமருந்து. முகத்தோல் இறுகி வாய் அகலத் திறக்காது. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது கடினம். எனவே நோயாளி விழித்திருக்கும்போதே வளையும் ஒளிக்குழாயின் துணையோடு செலுத்த நேரலாம். வலுவிழந்த உணவுக்குழாயில் தேங்கியது நுரையீரலுள் சென்றுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நுரையீரல் நார்மயமாதலும், நுரையீரல் தமனியின் உயர் அழுத்தமும் உள்ளனவா என்பதை முன்கூட்டியே ஸ்கேனாலும் எக்கோவாலும் அறிதல் வேண்டும். இவற்றுள் தமனி அழுத்தமே பெரிதும் அஞ்சத்தக்கது. அது மிகுந்திருப்பின் பேரறுவையைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

குளிரூட்டிய அறுவைக் கூடமே இந்நோயாளிக்குப் பகை. விரல் நாளங்கள் சுருங்குவதால் விரலில் பொருத்தும் உயிர்வளி அளவி பிழையாகக் காட்டும்; காதுமடலிலோ நெற்றியிலோ பொருத்த வேண்டும். மணிக்கட்டுத் தமனியில் ஊசி ஏற்றினால் விரலே அழுகிப்போகலாம். அறையையும், செலுத்தும் திரவங்களையும் வெதுவெதுப்பாக வைத்தல் எனும் எளிய செயல் இங்கே உயிர்காக்கும் செயலாகின்றது.

மூன்றாவது சிறுநீரகம். இந்நோயில் திடீரெனக் குருதி அழுத்தம் ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும் நெருக்கடி நேர்வதுண்டு. 1970களின் இறுதி வரை அது ஏறக்குறைய மரணத் தீர்ப்பாகவே இருந்தது. கேப்டோபிரில் வகை மருந்துகள் வந்தபின் பலர் பிழைக்கலாயினர். ஆனால் மிகுந்த அளவில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு இந்நெருக்கடியைத் தூண்டக்கூடும். வாந்தியைத் தடுக்கவென்று புற்றுநோய் மருந்துகளோடு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டையும் இங்கே அளந்தே கொடுக்க வேண்டும்.

இனி அறுவையே. புற்று மேலோட்டமாக உள்சவ்வில் மட்டும் இருப்பின், ஜப்பானிய மருத்துவர்கள் 1990களில் வளர்த்த முறைப்படி வயிற்றைத் திறவாமலே உள்நோக்கியின் வழியாக அதனைச் சீவி எடுத்துவிடலாம். தோல் இறுக்கநோயாளிக்கு இது பெரும் அருட்கொடை. புற்று ஆழ்ந்துவிட்டால் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களோடு அகற்ற வேண்டும். இயன்றவரை மேற்பகுதியைக் காப்பது நல்லது. முழுவதும் அகற்றினால் அசைவற்ற உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேரே இணைக்க நேரும். மேலேறும் பித்தநீரைத் தடுக்க வழக்கமான அமிலக் குறைப்பு மாத்திரைகள் உதவா. ஆகவே ரூவின் இணைப்பு முறையே பெரிதும் தெரிந்தெடுக்கப்படுகின்றது. ஜப்பானில் 1991இல் தொடங்கிய லேப்ராஸ்கோப்பி வழி இரைப்பை அறுவை சிறு வெட்டோடு முடிகின்றது; ஆனால் வயிற்றை நிரப்பும் வாயுவின் அழுத்தத்தை இறுகிய நுரையீரல் தாங்குமா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

அறுவைக்குப் பின் குடல் பல நாள் அசையாதிருக்கலாம். அதனை எதிர்நோக்கிச் சிறுகுடலில் ஊட்டக் குழாய் ஒன்றை முன்னரே அமைத்துவிடுவது உண்டு. இப்னு ஜுஹ்ரின் வெள்ளிக் குழாயின் வழித்தோன்றல் என்று இதனை நாம் நினைத்துக்கொள்ளலாம். இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்க்கு வைட்டமின் பி12 ஊசி வாழ்நாள் முழுவதும் தேவை. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாக உண்ணுதல் வேண்டும்.

புற்றுநோய் மருந்துகளிலும் கவனம் வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் கொடுக்கப்பட்டவர் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்கள் மரக்கும். இது ரேனோ நிலையோடு கலந்து குழப்பும். டாக்சேன் வகை மருந்துகள் சிலருக்குத் தோல் இறுகியது போன்ற மாற்றத்தை உண்டாக்குவதுண்டு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். கதிர்வீச்சு நார்மயமாதலை மிகுவிக்கலாம். எனவே எல்லார்க்கும் பொதுவான மருந்துப் பட்டியலை இவர்க்கு அப்படியே வழங்குதல் ஆகாது.

புற்று முந்தியதா, இறுக்கம் முந்தியதா?

நெடுங்காலம் இவ்விரு நோய்களும் ஒருவரிடத்தில் கூடுவது தற்செயல் என்றே பலரும் கருதினர். 2014இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு புதிய செய்தியை வெளியிட்டனர். ‘ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 3’ எனும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொண்ட தோல் இறுக்கநோயாளிகள் சிலரின் புற்றுத் திசுவில், அதே புரதத்தை உருவாக்கும் மரபணு மாறியிருந்தது. புற்றை எதிர்த்து எழுந்த உடலின் காவற்படை, புற்றோடு நில்லாது தன் உடலையும் தாக்கத் தொடங்கியதே தோல் இறுக்கமாக வெளிப்பட்டிருக்கலாம் என்பது இதன் பொருள். அவ்வாய்வு இரைப்பைப் புற்றை மட்டும் குறித்ததன்று. எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதுமன்று. எனினும் இவ்வெதிர்ப்பொருள் உடையவர்க்கு நோய் தொடங்கும் காலத்தையொட்டியே புற்று வெளிப்படும் வாய்ப்பு மிகுதி என்பதால், அவர்களை அக்காலத்தில் கூர்ந்து கண்காணிக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. பகையென்று நாம் எண்ணிய நோய் ஒரு வகையில் எச்சரிக்கை மணியாகவும் அமைகின்றது.

சமூகத்தின் கடமை

மருத்துவக் கூடத்துக்கு வெளியிலும் இந்நோயாளிக்கு வாழ்வு உண்டு. ஃபஜ்ரு வேளையில் குளிர்ந்த நீரில் உளூச் செய்யும்போது விரல்கள் வெளுத்து வலிக்கும் பெண்ணை, ‘சிறு குளிருக்கு இத்தனை முறையீடா’ என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. வெந்நீர் பயன்படுத்தத் தடையில்லை என்பதும், நீர் தீங்கு செய்யுமாயின் தயம்மும் உண்டு என்பதும் ஃபிக்ஹு அறிந்தோர் அறிவர். அவ்வாறே இரைப்பை இழந்தவர் பலமுறை உண்டே ஆகவேண்டிய நிலையில், நோன்பில் நோயாளிக்குரிய சலுகையை ஏற்பது ஈமானின் குறையன்று. மார்க்கம் அளித்த எளிமையை அறியாது உடலை வருத்துவோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு இதனை எடுத்துரைப்பது ஆலிம்களின் பணி, மருத்துவர்களின் பணி, நம் அனைவரின் பணி.

செலவும் ஒரு தடையே. தமிழகத்தில் 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் எளியோர்க்குப் பேரறுவைகளை எட்டச் செய்துள்ளன. ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் பல மாதங்கள் வெவ்வேறு துறைகளின் வாயில்களில் வரிசையில் நிற்கும் கூலிப்பெண்ணின் இழந்த நாட்கூலியை எத்திட்டமும் ஈடுசெய்வதில்லை. வக்ஃபுகளும் பைத்துல்மால்களும் கவனிக்கத்தக்க இடம் இது.

நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இறுகிய மேனியுடையவரின் வயிற்றைத் திறக்கலாமா? திறக்கலாம், ஆனால் வரலாறு விதிக்கும் நிபந்தனையோடு. பில்ரோத்தின் கத்தி இரைப்பைக்கு வழி திறந்தது. கோட்ஸின் பார்வை அந்த இரைப்பையைச் சுமக்கும் உடல் முழுவதையும் காட்டியது. இவற்றுள் ஒன்றை மட்டும் உடையவர் இந்நோயாளிக்குத் தீங்கே செய்வார். உடல் முழுவதையும் ஆராயாமல் அறுக்கத் துணிபவர் ஒரு தவறு செய்கின்றார். ‘இவருக்கு ஏற்கெனவே தீரா நோய் உள்ளதே’ என்று ஆராயாமலே கைவிடுபவர் அதனினும் பெருந்தவறு செய்கின்றார். வாதநோய் மருத்துவர், இரைப்பை அறுவையர், மயக்கமருந்து வல்லுநர், புற்றுநோய் மருத்துவர், உணவியலார் ஆகிய அனைவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, நோயாளியையும் அவர் குடும்பத்தாரையும் உடன்வைத்துப் பேசி முடிவெடுத்தல் வேண்டும். நம் மரபில் இதற்கு மஷூரா என்று பெயர். ஹகீமும் ஆங்கிலேய மருத்துவரும் ஒரே நவாபின் அவையில் நின்ற ஊரில், ஒரே நோயாளிக்காகத் துறைகள் கூடி அமர்வது இயலாத காரியமன்று.